வழிகாட்டி சொன்னதாக நான் சொன்னது

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். இதை முதல் வரியாக எழுதும்படி கேட்டேன். பெயர், வயது, விலாசம்தான் முதலில் வரும், அதுதான் முறை என்று எழுத்தர் சொன்னார். எல்லாரும் முறைப்படி நடந்திருந்தால் நான் எதற்கு இந்த ஆடுகிற நாற்காலியில் வந்து உட்காருகிறேன் என்று கேட்டேன். அதன் பிறகு அவர் நான் சொன்னபடியே எழுதினார்.

பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கப்பல் மாமா என்று கேட்டால் கைக்குழந்தைகூட விரல் நீட்டும். வயது ஐம்பத்தெட்டு. அட்டையில் அறுபத்தொன்று என்று இருப்பது அட்டை எழுதியவருடைய அவசரம். விலாசம், பேருந்து நிலையத்துக்குப் பின் தெரு, பல் மருத்துவமனைக்குக் கீழே உள்ள மெத்தைக் கடை. குடியிருப்பும் அதன் பின்னறையே. தொழில், மெத்தை தலையணை தைத்தல், பழைய சோபாவுக்குத் துணி மாற்றுதல். படிப்பு எட்டாவது. ஒன்பதாவதில் கணக்கு வாத்தியாருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு ஏற்பட்டதால் பள்ளிக்கூடத்தை நான் நிறுத்திவிட்டேன். அதன் பிறகு இளவயதில் பயணிகள் கப்பலில் சலவைப் பிரிவில் பணி. கப்பலை ஓட்டுவது கேப்டன் என்று வெளியில் நினைக்கிறார்கள். சலவைக்காரன் ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டால் கேப்டன் சட்டையில்லாமல் நிற்பார். துறைமுகம் துறைமுகமாகப் பார்த்தவன், பல மொழி அறிந்தவன் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் என் தங்கையின் கணவர். குற்றவாளி, எங்களைத் தீவுக்குக் கூட்டிப் போன படகின் வழிகாட்டி. மேற்படி வழிகாட்டி நேற்றிலிருந்து இந்த நிலையத்தின் பக்கத்து அறையில் கம்பிக்குப் பின்னால் இருக்கிறான். அவன் ஏற்கெனவே குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறான், என் வாக்குமூலமும் அதோடு பொருந்திவிட்டால் இன்று மாலையே அவனை நீதிபதி முன் நிறுத்திச் சிறைக்கு அனுப்பிவிடலாம் என்று ஆய்வாளர் என்னிடம் சொன்னார். பொருந்தும் என்று நான் சொன்னேன்.

மாப்பிள்ளைக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. பல வருடம் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் வேலை பார்த்ததற்காக அவருடைய கம்பெனி அவருக்கும் குடும்பத்துக்கும் கடலோர ஊரில் தங்கிவரச் சீட்டு கொடுத்தது. பத்திரமாக இருந்ததற்குப் பரிசாக ஒரு மனிதனைக் கடலில் தள்ளுகிற கம்பெனியை நான் இப்போதுதான் பார்க்கிறேன். சீட்டோடு வண்ண விளம்பரத் தாளும் கொடுத்திருந்தார்கள். அமைதியான தீவு, ஆளரவமற்ற கடற்கரை, நீந்தலாம், முகத்தில் கண்ணாடியும் வாயில் குழாயும் மாட்டிக்கொண்டு மேலாக மிதந்து மீன்களைப் பார்க்கலாம் என்று போட்டிருந்தது. ஆளரவம் இல்லை என்றால் கூப்பிட்டால் வர ஆள் இல்லை என்று அர்த்தம், இதைக்கூடவா பெருமையாக அச்சடிப்பார்கள் என்று நான் அன்றைக்கே என் தங்கை வீட்டுக் கூடத்தில் வைத்துச் சொன்னேன். கடல் மீனுடைய வீடு, அடுத்தவன் வீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தால் என்ன மரியாதை கிடைக்கும் என்றும் கேட்டேன்.

“அண்ணே, வரலேன்னா இருந்துக்க. போற நேரத்துல வாய வைக்காத” என்றாள் தங்கை.

“மாமா வரலேன்னா ரொம்ப நல்லதும்மா. நாம நிம்மதியா குளிக்கலாம்” என்றாள் அவள் மகள். இவள் எனக்கு மருமகள் முறை, தாதிப் படிப்பு கடைசி வருடம், நாக்கு மட்டும் படித்து முடித்துவிட்டது.

அப்படிச் சொன்ன பிறகு அவர்களைத் தனியாக விடுவது ஆபத்து என்று தோன்றியதால் நானும் என் சொந்தச் செலவில் கிளம்பினேன்.

அதன் பிறகு சம்பவ நாள் காலையில் படகுத்துறைக்குப் போனோம். படகு முதலாளியின் அலுவலகம் என்பது ஒரு தகர அறை. ஒரு பக்கம் கயிற்றில் ஈர லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்கின, இன்னொரு பக்கம் மருந்துத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் மூச்சுக் குழாய்கள் ஊறின. ஊரில் எவன் எவன் வாயிலோ இருந்த குழாயை நம் வாயில் வைப்பதா என்று நான் அப்போதே ஆட்சேபித்தேன். படகு முதலாளி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வழிகாட்டியைக் காட்டினார். அவன் வேறு கரையிலிருந்து பிழைப்புக்கு வந்தவன், ஒடிசலான ஆள், மூக்கு மட்டும் வெயிலில் உரிந்திருந்தது, கழுத்தில் ஒரு சின்னக் காமிரா.

“தண்ணில இவனவிட ஆள் கெடையாது. ஆனா நம்ம பேச்சு சுத்தமா வராது. இவன் சொல்றத எடுத்துச் சொல்ல இந்த அம்மா கூட வருவாங்க” என்றார் முதலாளி.

இந்த அம்மா என்றது டிக்கெட் கிழிக்கிற பெண்ணை. அவள் பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அக்காவுக்கு அன்று காலை பிரசவ வலி எடுத்திருந்தது, ஊருக்குப் போகிற படகு கிளம்பப் போகிறது, எங்களோடு வந்தால் அதைப் பிடிக்க முடியாது. எனக்கு யார் கஷ்டத்தையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற சுபாவம் கிடையாது. அது என்ன மொழி என்று கேட்டேன். சொன்னார்கள்.

“அட, அது எனக்குத் தண்ணி பட்ட பாடு” என்றேன்.

“நெஜமாவாண்ணே? நல்லாத் தெரியுமா?” என்று அந்தப் பெண் எழுந்துவிட்டாள்.

நான் மேற்படி வழிகாட்டியின் தோளில் கை போட்டு அவன் மொழியில் சில வார்த்தைகள் பேசினேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தான், பதிலுக்கு ஏதோ சொன்னான், நானும் சிரித்தேன். முதலாளி திருப்தியடைந்து அந்தப் பெண்ணைப் போகச் சொன்னார். அவள் ஓடியே போனாள். ஓடுகிறபோது என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“மாமா, இந்த மொழிய நீங்க எப்ப கத்துக்கிட்டீங்க?” என்றாள் மருமகள்.

“கப்பல்ல” என்றேன்.

அதன் பிறகு படகில் ஏறித் தீவுக்குப் போய்ச் சேர்ந்தோம். விளம்பரத் தாளில் இருந்தபடியேதான் இருந்தது. வெள்ளை மணல், தண்ணீர் கண்ணாடி மாதிரி, பூட்டிய கொட்டகை ஒன்று, தண்ணீரில் ஆழம் காட்டுவதற்காகக் கட்டிய கயிறும் அதில் காவி நிற மிதவைகளும். எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. வழிகாட்டி எங்களை மணலில் வரிசையாக உட்காரவைத்து நின்றுகொண்டு பேச ஆரம்பித்தான். நெடுநேரம் பேசினான். கண்ணாடியில் எச்சில் தடவிக் காட்டினான், குழாயைக் கவ்விக் காட்டினான். இடது பக்கம் பாறை முனையைக் காட்டி நீளமாக என்னவோ சொன்னான். அதன் பிறகு உள்ளங்கையைத் தன் உச்சந்தலையில் வைத்து, முழங்கையை வெளியே நீட்டி, சிரித்துத் தலையசைத்தான். அதன் பிறகு ஒரு கையை உயரத் தூக்கி இப்படியும் அப்படியும் வீசினான், வீசும்போது சிரிக்கவில்லை. இரண்டையும் மறுபடி ஒருமுறை செய்து காட்டிவிட்டு என்னைப் பார்த்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னது பின்வருமாறு. கண்ணாடிக்கு எச்சில் தடவினால் மங்காது. அந்தப் பாறை முனைப் பக்கம்தான் அழகான மீன்கள் இருக்கின்றன. உச்சந்தலையில் வெயில் ஏறும், அவ்வப்போது கையால் மறைத்துக்கொள்ளுங்கள். போட்டோ வேண்டுமானால் கையைத் தூக்கி ஆட்டுங்கள், அவன் வந்து எடுத்துத் தருவான்.

“அவர் அவ்வளவு நேரம் பேசினாரு, நீங்க நாலு வரில முடிச்சிட்டீங்களே மாமா” என்றாள் மருமகள்.

“அந்த மொழி அப்படித்தான். நீளமான மொழி. ஒரு வணக்கம் சொல்றதுக்குள்ள சோறு ஆறிடும்” என்றேன். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார்.

மருமகளுக்குத் திருப்தியில்லை. கைபேசியில் மொழிபெயர்க்கிற செயலியைத் திறந்தாள். தீவில் சிக்னல் இல்லை, தவிர அந்த மொழியே அதில் இல்லை. விஞ்ஞானத்துக்கே தெரியாததை உன் மாமன் சொல்கிறேன், கேட்டுக்கொள் என்றேன்.

ஆக, மேற்படி வழிகாட்டி வெயிலைப் பற்றியும் போட்டோவைப் பற்றியும் சொன்னானே தவிர, ஆபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் என் புகார். ஆளை நம்பி வந்த குடும்பத்தை மீன் வேடிக்கை காட்டி ஏமாற்றிய அயோக்கியன் என்று அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த வார்த்தையை எழுத முடியாது என்று எழுத்தர் சொன்னார். எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன்.

அதன் பிறகு மூவரும் தண்ணீரில் இறங்கினார்கள். உப்புத் தண்ணீர் என் தோலுக்கு ஆகாது என்பதால் நான் கொட்டகை நிழலில் உட்கார்ந்து கரையிலிருந்து பாதுகாப்பை மேற்பார்வையிட்டேன். தங்கை முழங்கால் ஆழத்திலேயே நின்றுகொண்டாள். மருமகள் நன்றாக நீந்துவாள் என்பதால் வலது பக்கம் தள்ளிப் போனாள், வழிகாட்டி படகில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை லைஃப் ஜாக்கெட்டோடு இடது பக்கம் பாறை முனையை நோக்கிப் போனார். அழகான மீன்கள் அங்கேதான் என்று நான் சொல்லியிருந்தேன், அதாவது வழிகாட்டி சொன்னதாக.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை கயிற்றைத் தாண்டி மிதப்பது தெரிந்தது. வாயில் குழாய் இல்லை. அதன் பிறகு அவர் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார்.

“என்னண்ணே, அவரு தலைல கை வச்சுக்கிட்டு நிக்கிறாரு?” என்று தங்கை தண்ணீரிலிருந்து கேட்டாள்.

“வெயிலுக்கு மறைக்கிறாரும்மா. சொன்னா கேக்குற மனுஷன்” என்றேன்.

வழிகாட்டியும் பார்த்தான். அவன் பார்த்ததை நான் பார்த்தேன், இதை எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன். பார்த்துவிட்டு அவனும் தன் தலையில் கை வைத்து, சிரித்து, மாப்பிள்ளைக்குக் காட்டினான். அதன் பிறகு மருமகள் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு மனிதன் நடுக்கடலில் தலையில் கை வைத்தால் குடி முழுகிப் போச்சு என்று பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். இவனுக்குத் தெரியவில்லை. பதிலுக்குத் தலையில் கை வைத்துச் சிரிக்கிறான். இதைச் சொல்லும்போது மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். தண்ணீர் வேண்டுமா என்று எழுத்தர் கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன்.

அதன் பிறகு மருமகள் கரைக்கு வந்து கண்ணாடியைக் கழற்றி, அப்பா எங்கே என்று கேட்டாள். இடது பக்கம் மிதவைகள் மட்டும் இருந்தன. அவள் வழிகாட்டியைப் பார்த்துக் கத்தினாள். ‘அப்பா’ என்று கத்தியதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவன் அந்த நொடியே படகைத் திருப்பி முனையைச் சுற்றிப் போனான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கம் நீரோட்டம் மாப்பிள்ளையைப் பாறையில் கொண்டுபோய் மோதியிருந்தது. அலையடிக்கிற பாறையில் படகு அணையாது என்பதால் வழிகாட்டி குதித்து நீந்திப் போய், பாறையைப் பிடித்துக்கொண்டு அவரை இழுத்து வந்தான். கரையில் போடும்போது மாப்பிள்ளையின் உதடு நீலமாக இருந்தது, பாதம் கிழிந்திருந்தது. வழிகாட்டியின் உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. அந்தக் கையாலேயே நெஞ்சை அழுத்தினான், மருமகள் வாயில் ஊதினாள். மாப்பிள்ளையின் பனியனில் இருந்த ரத்தம் யாருடையது என்று எனக்குத் தெரியாது. இருமிக்கொண்டு அவருக்கு மூச்சு வந்த பிறகு நான் வழிகாட்டியைக் கன்னத்தில் ஒன்று வைத்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. மறுபடியும் தலையில் கை வைத்துக் காட்டினான், அதனால் இன்னொன்றும் வைத்தேன்.

அதன் பிறகு மாப்பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்தோம். நுரையீரலில் தண்ணீர் ஏறியதால் குழாய் வழியாக மூச்சு கொடுத்தார்கள். நான் நேராக இந்த நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்தேன். வழிகாட்டியைப் பிடித்துவந்தார்கள். ஆனால் அவனை விசாரிக்க இங்கே ஒருவருக்கும் அவன் மொழி தெரியவில்லை. டிக்கெட் பெண்ணுக்குப் போன் போகவில்லை. அப்போது படகு முதலாளி, தன்மேல் வழக்கு வந்துவிடக் கூடாது என்ற பதற்றத்தில், “இதோ இவருக்குத் தண்ணி பட்ட பாடு சார்” என்று என்னைக் காட்டினார். ஆய்வாளர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். அரசாங்கமே கைபிசைந்து நின்ற இடத்தில் நான் உதவினேன் என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததால் சொல்கிறேன்.

“தண்ணில எறங்குறதுக்கு முன்ன பாதுகாப்பு பத்தி இவங்களுக்கு என்ன சொன்னேன்னு கேளுங்க” என்றார் ஆய்வாளர்.

நான் கேட்டேன். வழிகாட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், அதன் பிறகு பேச ஆரம்பித்தான். தலையில் கை வைத்துக் காட்டினான், கையைத் தூக்கி வீசிக் காட்டினான், என்னைக் காட்டினான், தன் வாயைக் காட்டினான், மறுபடி என்னைக் காட்டினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“என்ன சொல்றான்?” என்றார் ஆய்வாளர்.

“தலைல கை வச்சு வருத்தப்படுறான் சார். சொல்ல வேண்டியத சொல்லல, எம்மேலதான் தப்புங்கிறான். பெரியவர் மனசு வச்சு மன்னிக்கணுமாம்.”

“பெரியவர்னா யாரு?”

“என்னத்தான் சார் காட்டுறான்.”

அதை ஒரு தாளில் அவனுடைய வாக்குமூலமாக எழுதினார்கள். கையெழுத்துப் போடச் சொன்னபோது அவன் என்னைப் பார்த்தான். நான் போடு என்று தலையசைத்தேன். இரண்டு கையிலும் கட்டு இருந்ததால் கட்டுப் போடாத விரலாகப் பார்த்து மை தடவி ரேகை வாங்கினார்கள்.

இன்று காலை மருத்துவமனைக்குப் போனேன். குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். தங்கை வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீ மட்டும் இல்லேன்னா அந்தப் பாவி என்ன சொன்னான்னே நமக்குத் தெரிஞ்சிருக்காதுண்ணே. அவன விடாத” என்றாள். விடமாட்டேன் என்று வாக்கு கொடுத்தேன்.

மருமகள் அழவில்லை. “அப்பா பேசிட்டாரு மாமா” என்றாள்.

“என்ன சொன்னாரு?”

“கால் பிடிச்சுக்கிச்சாம். கைய ஆட்டலாம்னு தூக்கினாராம். ஆட்டினா போட்டோ எடுக்க வருவான்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சாம். சாகப் போற நேரத்துல போட்டோ எடுத்து என்னத்தப் பண்றதுன்னு எறக்கித் தலைல வச்சுக்கிட்டாராம்.”

“நான் சொல்லல, வழிகாட்டி சொன்னான்.”

“சரி மாமா. போலீஸ்ல போயி அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்த மாத்தாம.”

அவள் குரலில் மரியாதை குறைந்திருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏற ஏற மாமன் இறங்கிவிடுகிறான். தங்கையும் மருமகளும் பின்னாலேயே வர, அதே கோபத்தோடு இங்கே வந்து உட்கார்ந்து மேற்கண்டவற்றை எழுதவைத்தேன். மேற்படி வழிகாட்டிக்குச் சட்டத்தில் உள்ள தண்டனையில் பெரியதைக் கொடுக்க வேண்டும் என்று

(இந்த இடத்தில் தொலைபேசி அழைப்பு ஒன்று வந்ததால் எழுதுவது நிறுத்தப்பட்டு, சற்று நேரம் கழித்துச் சாட்சி தொடர்ந்து சொன்னது.)

தொலைபேசி யாருடையது என்பதையும் எழுத வேண்டும். அது வழிகாட்டியின் கைபேசி. அவனிடமிருந்து வாங்கி உறையில் போட்டு இந்த மேசையில் வைத்திருந்தார்கள். காலையிலிருந்து அது அடித்துக்கொண்டே இருந்ததாம். எழுத்தர் சலித்துப்போய் உறையோடு என் பக்கம் தள்ளினார்.

“அவன் வீட்டுக்காரியாத்தான் இருக்கும். யாராவது விஷயத்தச் சொன்னாத்தான் நிக்கும். நீங்களே அந்த பாஷைல சொல்லிடுங்க பெரியவரே” என்றார்.

நான் எடுத்தேன். பெண் குரல். முதலில் அவன் பெயர் மாதிரி ஒன்றைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் ஹலோ என்றதும் வேறு ஆள் என்று தெரிந்துகொண்டு ஏதோ கேட்டார். பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, அவர் கேட்டதும் அது நின்றது. மிஷின் சத்தம் எனக்குத் தெரியும், பெடல் மிதிக்கிற பழைய மிஷின், கனமான துணி. அது மட்டும்தான் தெரிந்தது. அவர் மறுபடி கேட்டார். கேள்வி என்று குரலில் தெரிந்தது. உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டாரா, எப்போது வருவார் என்று கேட்டாரா, நீ யாரடா என்று கேட்டாரா, எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது முறையும் அதையேதான் கேட்டார், முன்னைவிட மெதுவாக, செவிடனுக்குச் சொல்வது மாதிரி ஒவ்வொரு சொல்லாக.

“என்னங்கிறாங்க?” என்றார் எழுத்தர்.

புருஷன் செய்தது தப்புதான், நீங்கள் பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்கிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. நன்றாகவே வந்தது, இன்னும் இரண்டு வரி சேர்த்துக்கூட. ஆனால் அந்த அம்மாளுக்கு என்ன சொல்வது என்று வரவில்லை. கேட்கிறவர்களிடம் எதையாவது சொல்லலாம், கேட்டதே விளங்காதபோது எதைச் சொல்வது. எனக்குத் தெரிந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன். ‘நாளை’ என்று அவர் மொழியில் சொன்னேன்.

அந்த அம்மாள் அதையே திருப்பிச் சொன்னார். நாளை? என்று. அதன் பிறகு என்னென்னவோ சொன்னார், குரல் லேசாகியிருந்தது, நன்றி சொன்னார் போல. வைத்துவிட்டார்.

இப்போது எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இல்லை. தாளைப் பார்த்து எழுதுங்கள், என் முகத்தைப் பார்க்க வேண்டாம். படகு முதலாளி மேல் கோபம், மொழி தெரியும் என்று எவன் சொன்னாலும் நம்பிவிடுவதா. டிக்கெட் பெண் மேல் கோபம், என்னைப் பார்த்து அவள் கும்பிட்டிருக்க வேண்டாம். ஆய்வாளர் மேல் கோபம், புகார் கொடுத்தவனையே உட்காரவைத்து எதிராளிக்கு வாயாக்கியது எந்த ஊர் முறை. அந்த வழிகாட்டி மேல்தான் பெரிய கோபம். படகுத்துறையிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் சிரித்த சிரிப்பு அதற்குத்தான். அப்போதே கையை விரித்திருந்தால் முதலாளிக்குப் புரிந்திருக்கும். போனால் போகிறது, பெரிய மனிதன் ஏதோ பெருமை பேசுகிறான் என்று விட்டுக்கொடுத்தான். எனக்காக விட்டுக்கொடுத்தவனை நான் அடித்தேன்.

கப்பலில் சலவைப் பிரிவில் அவன் கரையைச் சேர்ந்த ஒருவர் என்னோடு வேலை பார்த்தார். அவரிடமிருந்து எனக்குத் தெரிந்த வார்த்தைகள் சட்டை, வெந்நீர், சீக்கிரம், நாளை. அவ்வளவுதான். படகுத்துறையில் நான் அவனிடம் பேசியது சட்டை, வெந்நீர். நேற்று ஆய்வாளர் சார்பாக நான் அவனைக் கேட்ட கேள்வி, சீக்கிரம், சட்டை, நாளை. அதற்கு அவன் என்ன பதில் சொன்னான் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தீவில் அவன் பாறை முனையைக் காட்டியது எதற்கு, சிரித்துக்கொண்டு தலையில் கை வைத்தது எதற்கு, சிரிக்காமல் கையை வீசியது எதற்கு என்று இப்போது யோசித்தால் ஒரு மாதிரி விளங்குகிறது. யோசித்துச் சொல்ல நான் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன். அவனையே கேளுங்கள், தெரிந்த ஆளை வைத்து.

நேற்று எழுதிய தாளைக் கிழித்துவிடும்படி கேட்டேன். “கோப்புல ஏறிடுச்சு பெரியவரே, கிழிக்க முடியாது. இத எழுதினா உங்க மேல வேற வழக்கு வரும், யோசிச்சுக்கங்க” என்றார் எழுத்தர். என் தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், மருமகளும் கூட இருக்கிறாள், கதவு திறந்துதான் இருக்கிறது, நான் எப்போதுமே சத்தமாகப் பேசுகிறவன். யோசிக்க ஒன்றும் இல்லை. எழுதுங்கள். வழிகாட்டியின் வாக்குமூலம் என்று நேற்று எழுதிய தாளும் என் வாக்குமூலம்தான். கீழே இருக்கிற ரேகை மட்டும் அவனுடையது. அவன் வீட்டில் நாளை என்று சொல்லியிருக்கிறேன். அந்த டிக்கெட் பெண்ணை எங்கே இருந்தாலும் இன்றைக்கே கூட்டிவாருங்கள், படகுச் செலவு என்னுடையது.

மேலே உள்ளதை எழுத்தர் வாசிக்க, குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டேன். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் சொல்லவில்லை. அயோக்கியன் என்ற வார்த்தையை அடித்துவிடச் சொன்னேன், அடித்தார். வயது அட்டையில் உள்ளதே சரி. அந்த மொழி எனக்குத் தெரியும் என்று நான் சொன்னது மட்டும் நானாகக் கட்டிச் சொன்னது, மற்றதெல்லாம் அதனால் நடந்தது, அது உண்மை.

(ஒப்பம்)